குழந்தைகளுக்கு மலஜலப் பழக்கம்

காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கங்கள் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையை நம்பியே ஊருணிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. முதல் மழையில் ஊருணிக்கு வந்து சேருவது நீர் மாத்திரமன்று. தெருவோரத்தில் கோடை முழுவதும் கிடந்த அசுத்தமும் உடன் வருகிறது. அதில் குழந்தைகளின் மலத்துக்குள்ள பங்கைப் பலர் கவனிப்பதில்லை.

பால்குடி மறவாத குழந்தையின் மலத்தில் தோஷமில்லை என்பது வீடுகளில் வழங்கிவரும் அபிப்பிராயம். இது முற்றிலும் பிழை. வயிற்றுப்போக்கும் குடற்புழுவும் சிறுவர்களையே அதிகமாய்ப் பற்றுகின்றன. ஆகையால் அவர்கள் மலத்தில் வியாதிக்கு வித்து மிகுதி. ஒரு பெண் உருளைப்புழு நாளொன்றுக்குச் சுமார் 2,00,000 முட்டைகள் இடக்கூடும். அவை மண்ணில் சில வாரங்களில் முதிர்ந்து, ஈரமும் நிழலுமுள்ள இடத்தில் வருஷக்கணக்கிலும் உயிரோடிருக்கும். அடுத்த வீட்டுக் குழந்தை அம்மண்ணிலேயே விளையாடிக் கையை வாயில் வைக்கிறது.

தாய் கால்களை நீட்டி அமர்ந்து, பாதங்களின்மீது குழந்தையை உட்காரவைக்கும் பழைய வழக்கம் மிகவும் நன்று. வயிற்றில் ஆகாரம் சென்றவுடன் பெருங்குடல் அசைவது இயற்கையாதலால், காலையில் பாலோ கஞ்சியோ கொடுத்த சற்று நேரத்தில் இதனைச் செய்வது உத்தமம். ஆனால் இது தாயின் ஜாக்கிரதையேயன்றிக் குழந்தையின் கட்டுப்பாடன்று. அக்கட்டுப்பாடு பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குமேல்தான் உண்டாகும். மூன்று வயது வரை செல்வதும் உண்டு. இரண்டு மணி நேரம் துணி நனையாதிருப்பதும், மலம் வருமுன் முகக்குறியாலோ சொல்லாலோ தெரிவிப்பதும் குழந்தை தயாராகிவிட்டதற்கு அடையாளங்கள். இரவில் பாயை நனைப்பது நிற்க இன்னும் சில வருஷங்கள் ஆகலாம்.

இதற்காகக் குழந்தையை அடிப்பது கொடுமை மாத்திரமன்று, மூடத்தனமுமாகும். பயந்த குழந்தை மலத்தை அடக்கும். அடக்கிய மலம் இறுகும். இறுகிய மலம் கழியும்போது நோகும். அந்நோவுக்கு அஞ்சி மீண்டும் அடக்கும். இவ்வாறு வந்த மலச்சிக்கலை நீக்குவது எளிதன்று.

பெரியோர் உபயோகிக்கும் கக்கூஸின் குழியைக் கண்டு சிறு குழந்தை அஞ்சுவது சகஜம். விளிம்பு அகன்ற சிறு சட்டியொன்றை அதற்கென்றே ஒதுக்கி, ஒரே இடத்தில் வைத்து, அதில் உட்காரவைக்கலாம். சட்டியிலுள்ளதைத் தெருமூலையிலோ குப்பைமேட்டிலோ எறிந்தால் இவ்வளவு பிரயாசையும் வீண், கக்கூஸிலேயே கொட்டவேண்டும். அது இல்லாத வீட்டார், ஊருணிக்கும் கிணற்றுக்கும் எட்டத்தில், நீரோடாத இடத்தில் ஆழப் புதைக்கலாம். புதிதாய்க் குழி வெட்டுவோர் கரிசல் மண் வெடித்துச் சரியும் தன்மையது என்பதறிந்து, அதற்கு உறை இறக்குவது அவசியம்.

குழந்தைக்குக் கால் கழுவிய கையோடு அடுப்படிக்குப் போகலாகாது. தண்ணீர்ப் பஞ்சமென்று சொல்வதற்கு இடமில்லை. சோப்புத் தேய்த்துக் கழுவ ஒரு செம்பு நீர் போதும். ஒரு வயது கடந்த குழந்தைகளுக்கு அங்கன்வாடியில் குடற்புழு மாத்திரை இலவசமாய்க் கொடுக்கப்படுகிறது. இரண்டு வயது வரை அரை மாத்திரை, அதன்பின் முழு மாத்திரை. மலம் பட்ட துணிகளை ஊருணிப் படித்துறையில் அலசாமல், வீட்டிலேயே வாளியில் அலசி, அந்நீரையும் கக்கூஸில் ஊற்றிவிடவேண்டும்.