கேபினெட்டில் கைவைக்கும் முன்: கருவிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கணினிக் கேபினெட்டை நம் விருப்பப்படி வெட்டித் திருத்தும் ஆசை வந்ததும், பலரும் முதலில் விலை கேட்பது கிரைண்டரைத்தான். ஆனால் வேலை கெடுவது பெரும்பாலும் வெட்டும்போது அல்ல. கோணலாகப் போட்ட கோட்டிலும், சரியாகப் பிடிக்காத தகட்டிலும்தான். அளக்கவும் பிடிக்கவும் உதவும் கருவிகளுக்குச் செலவும் குறைவு. ஆகவே அவற்றை முதலில் வாங்குங்கள்.

பழைய இரும்புக் கேபினெட்டின் மேல்மூடியில் 120 மி.மீ. ஃபேன் ஒன்றைப் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். தேவையான கருவிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேலையிலேயே கைக்குப் பழகிவிடும்.

படி 1: கழற்றுதல்

கருவிகள்: 2-ஆம் எண் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், நோஸ் பிளையர், சின்னச் சின்ன டப்பாக்கள்.

மதர்போர்டு, பவர் சப்ளை, வயர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். துணி போட்டு மூடிவிட்டு வெட்டலாம் என்ற எண்ணமே வேண்டாம். இரும்புத்தூள் மின்சாரத்தைக் கடத்தும். ஒரு துகள் இரண்டு பின்களுக்கு நடுவே சிக்கினாலும் ஷார்ட் ஆகிவிடும்.

ஸ்க்ரூக்களில் இரண்டு வகை உண்டு. கேபினெட் மூடி, 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் 6-32 எனப்படும் பெரிய மரை. 2.5 அங்குல எஸ்எஸ்டி, டிவிடி டிரைவ் ஆகியவற்றுக்கு எம்3 எனப்படும் நெருக்கமான மரை. இரண்டையும் தனித்தனி டப்பாவில் போடுங்கள். மாற்றி முடுக்கினால் மரை தேய்ந்துவிடும்.

படி 2: அளந்து குறித்தல்

கருவிகள்: ஸ்டீல் ஸ்கேல், மூலைமட்டம், கவராயம், மாஸ்கிங் டேப், சென்டர் பஞ்ச், சுத்தியல்.

முதலில் அட்டையில் 120 × 120 × 25 மி.மீ. அளவுக்கு ஒரு போலி ஃபேன் செய்து, உள்ளே எதிலும் இடிக்கிறதா என்று வைத்துப் பாருங்கள். இடம் முடிவானதும் மூடி மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கோடு தெளிவாகத் தெரியும். பெயின்டிலும் கீறல் விழாது.

120 மி.மீ. ஃபேனின் ஸ்க்ரூ துளைகளுக்கு இடையே 105 மி.மீ. தூரம். எனவே 105 மி.மீ. சதுரம் ஒன்று வரையுங்கள். நான்கு மூலைகளும் ஸ்க்ரூ துளைகள். மூலைவிட்டங்கள் வெட்டிக்கொள்ளும் புள்ளியே நடு. அங்கே கவராயத்தை ஊன்றி 115 மி.மீ. விட்டமுள்ள வட்டம் போடுங்கள். (140 மி.மீ. ஃபேனுக்குத் துளை இடைவெளி 124.5 மி.மீ.)

துளை வரும் ஒவ்வொரு புள்ளியிலும் சென்டர் பஞ்சை வைத்து ஒரு தட்டு. அந்தச் சிறு குழி இல்லாவிட்டால் டிரில் பிட் வழுக்கி ஓடிவிடும்.

படி 3: பிடித்தல்

கருவிகள்: இரண்டு சி-கிளாம்ப், ஒரு பிளைவுட் துண்டு.

கேபினெட் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இருக்காது. கையால் பிடித்துத் துளை போட்டால், பிட் மறுபுறம் வெளிவரும் நொடியில் தகட்டைக் கவ்விச் சுழற்றிவிடும். தகட்டின் அடியில் பிளைவுட் வைத்து, இரண்டையும் சேர்த்து இறுக்குங்கள்.

படி 4: துளையிடுதல்

கருவிகள்: வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டிரில், 3, 4.5, 10 மி.மீ. பிட்கள்.

நான்கு ஸ்க்ரூ துளைகளையும் முதலில் போடுங்கள். பெரிய வட்டத்தை வெட்டிய பிறகு தகடு தளர்ந்துவிடும். 3 மி.மீ. பிட்டில் தொடங்கி 4.5-க்குப் போங்கள். இரும்புக்கு வேகம் குறைவாக, ஒரு சொட்டு எண்ணெயோடு.

படி 5: வெட்டுதல்

மூன்று வழிகள் உண்டு.

ஹோல் சா: 4½ அங்குலம், அதாவது 114 மி.மீ. வட்டம் சுத்தமாக வரும். ஆனால் டிரில் மெதுவாகச் சுற்ற வேண்டும்.

ஜிக்ஸா: நெருக்கமான பல் கொண்ட மெட்டல் பிளேடு. வட்டத்துக்கு உள்ளே 10 மி.மீ. துளை போட்டு, பிளேடை அதில் நுழைத்துத் தொடங்க வேண்டும்.

நிப்ளர்: தகட்டைச் சிறிது சிறிதாகக் கடித்தெடுக்கும் கைக்கருவி. நேரம் பிடிக்கும், சத்தமும் தீப்பொறியும் இல்லை. புதியவர்களுக்கு இதுவே நல்லது.

ஜிக்ஸாவோ நிப்ளரோ, எதை எடுத்தாலும் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே வெட்டுங்கள். மிச்சத்தை அரம் பார்த்துக்கொள்ளும்.

படி 6: பிசிறு நீக்குதல்

கருவிகள்: அரைவட்ட அரம், உப்புத்தாள், யு வடிவ ரப்பர் பட்டை.

அரத்தின் வளைந்த பக்கத்தை முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். அலுமினியத் தகடாக இருந்தால் அரத்தின் பல்லிடுக்கில் தூள் அடைத்துக்கொள்ளும். முன்பே சாக்பீஸ் தேய்த்துவிட்டால் அது குறையும். முடிந்ததும் ஒரு பருத்தித் துணியை விளிம்பைச் சுற்றி இழுங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது. பிறகு ரப்பர் பட்டையைப் பொருத்துங்கள்.

அடுத்த கட்டத்துக்கு: ரிவெட் கன்

டிரைவ் கூண்டையே எடுக்க வேண்டுமென்றால் ரிவெட்டின் தலையை டிரில் போட்டு நீக்க வேண்டும். 3.2 மி.மீ. பிட் பெரும்பாலும் போதும். அதே அளவு ரிவெட்டும் ரிவெட் கன்னும் இருந்தால் திரும்பவும் கோத்துவிடலாம்.

உடம்பு முக்கியம்

எல்லா வேலைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். தேய்க்கும்போதும் பெயின்ட் அடிக்கும்போதும் முகமூடி. தகட்டைத் தூக்கும்போது கையுறை போடுங்கள். டிரில் ஓட்டும்போது கழற்றிவிடுங்கள், சுழலும் பிட் கையுறையோடு விரலையும் இழுத்துக்கொள்ளும். துப்பட்டா, தொளதொளவென்ற சட்டைக் கைக்கும் இதே விதிதான்.

எந்த வரிசையில் வாங்குவது?

முதல் மாதம் ஸ்க்ரூடிரைவர், ஸ்கேல், மூலைமட்டம், சென்டர் பஞ்ச், கிளாம்ப், அரம், கண்ணாடி. அடுத்து டிரில். ஜிக்ஸாவும் ஹோல் சாவும் தெரிந்தவரிடம் இரவல் கிடைத்தாலே போதும். முதல் வட்டத்தை உங்கள் கேபினெட்டில் போடாதீர்கள். பழைய இரும்புக் கடையில் ஒரு மூடி வாங்கி, அதில் ஃபேன் நான்கு ஸ்க்ரூவோடும் இடறாமல் உட்காரும்வரை பழகுங்கள். அதன் பிறகு சொந்த மூடியைக் கிளாம்பில் இறுக்கலாம்.