பழைய ரேமைப் படித்துவிட்டுக் கடைக்குப் போ

அன்புள்ள கயல்,

"லேப்டாப் ரொம்ப ஸ்லோ மாமா, 16 ஜிபி ரேம் ஒன்று வாங்கிப் போட்டுவிடவா?" என்று கேட்டிருந்தாய். போடலாம். ஆனால் '16 ஜிபி' என்பது அரிசி மூட்டையின் மேல் எழுதிய கிலோக் கணக்கு மாதிரி. உள்ளே இருப்பது புழுங்கலா பச்சையா என்பதை அது சொல்லாது. எந்த ரகம் வேண்டும் என்பதற்கான பதில் உன் லேப்டாப்புக்குள்ளேயே எழுதியிருக்கிறது. அதைப் படிக்கத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நான் ஏமாந்த கதை. சில வருடங்களுக்கு முன் என்னிடம் நான்காம் தலைமுறை இன்டெல் கோர் பிராசசர் உள்ள லேப்டாப் இருந்தது. அதற்கு 'டிடிஆர்3 ரேம்' என்று கேட்டு வாங்கி வந்தேன். ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். பிழை ஒரே ஓர் எழுத்தில் இருந்தது. அந்த பிராசசர் ஏற்பது டிடிஆர்3எல், அது 1.35 வோல்ட்டில் ஓடும். நான் வாங்கியது 1.5 வோல்ட் டிடிஆர்3. இரண்டுக்கும் 204 பின், நடுவில் உள்ள வெட்டும் ஒரே இடத்தில். கண்ணால் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். உறையைப் பிரித்ததால் கடையில் திரும்ப வாங்கவும் இல்லை. 'எல்' ரகத்தை வாங்கியிருந்தால் 1.5 வோல்ட் கேட்கும் பழைய லேப்டாப்பிலும் அது ஓடியிருக்கும். மற்றதற்கு அந்தத் தாராளம் இல்லை.

ரேம்தான் குற்றவாளியா என்று நீ முதலில் பார்க்க வேண்டும். வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்து. டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொடு. இப்போது உன்னிடம் இருக்கும் 4 ஜிபியில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருந்தால், இடம் போதாமல் விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது ரேம் உதவும். பாதிதான் நிரம்பியிருக்கிறது, ஆனாலும் மெதுவாக ஓடுகிறது என்றால் காசை எஸ்எஸ்டிக்குச் செலவழி.

அதே பக்கத்தில் இன்னும் மூன்று விஷயம் இருக்கும். எத்தனை ஸ்லாட், அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பது ஒன்று. வேகம் இரண்டாவது. ஃபார்ம் ஃபேக்டர் மூன்றாவது. அங்கே 'சோடிம்' என்று இருந்தால் கழற்றி மாற்றக்கூடிய ரேம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் அந்தச் சிப்புகள் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டவை, கழற்ற முடியாது. சில லேப்டாப்பில் 4 ஜிபியைப் பற்றவைத்துவிட்டு, கூடவே ஒரு காலி ஸ்லாட்டும் கொடுத்திருப்பார்கள்.

அடுத்தது தலைமுறை. இதில்தான் சமரசமே கிடையாது. லேப்டாப் ரேமில் டிடிஆர்3க்கு 204 பின், டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262. தவறாகச் செருகிவிடக் கூடாது என்றே ஒவ்வொன்றிலும் வெட்டை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். உள்ளே போகவில்லை என்றால் அழுத்தாதே. கம்ப்யூட்டர் ரேம் வேறு, லேப்டாப் ரேம் வேறு என்பதையும் நினைவில் வை. மேசைக் கணினியின் ரேம் இதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம்.

உன்னுடையது ஐ5-7200யூ பிராசசர் என்கிறாய். அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதே. அந்த பிராசசர் டிடிஆர்4 2133-ஐயும் ஏற்கும், டிடிஆர்3எல் 1600-ஐயும் ஏற்கும். எதற்கான ஸ்லாட்டை வைப்பது என்பது லேப்டாப்பைச் செய்தவர் முடிவு. ஆகவே பின்மூடியைத் திறந்து, இருக்கும் ரேமின் மேல் ஒட்டியுள்ள சீட்டைப் படி. 'பிசி3எல்' என்று தொடங்கினால் டிடிஆர்3எல். 'பிசி4' என்றால் டிடிஆர்4. பின்னால் வரும் எண்ணைக் கண்டு குழம்பாதே. ஒருவர் 2400 என்று போடுவார், இன்னொருவர் 19200 என்று போடுவார். இரண்டும் ஒன்றுதான், வேகத்தை எட்டால் பெருக்கினால் மற்றது வரும்.

வேகத்தில் கொஞ்சம் நெகிழ்வு உண்டு. உன்னுடையது டிடிஆர்4 ஸ்லாட் என்றால், அதில் 3200 ரேமைப் போட்டாலும் அது 2133-க்கு இறங்கித்தான் ஓடும். வேகம் வேறான இரண்டைச் சேர்த்துப் போட்டால் மெதுவானதன் நடைக்கே மற்றதும் நடக்கும். எனவே அதிக வேகத்துக்காக அதிக விலை கொடுக்காதே. மலிவாகக் கிடைத்தால் விடவும் வேண்டாம்.

இரண்டு ஸ்லாட் இருந்தால் ஒரே 16-ஐ விட 8-ம் 8-ம் நல்லது. இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் தகவல் போய்வரும். தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத லேப்டாப் படம் காட்டுவதற்கும் இதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது. அங்கே வித்தியாசம் தெரியும். அதற்காக இருக்கும் 4 ஜிபியோடு ஒரு 8 ஜிபி சேர்ப்பது தப்பில்லை. கையில் உள்ள காசுக்கு அதுதான் சரி என்றால் அதையே செய். உன் மாடலின் கையேட்டில் அதிகபட்சம் எத்தனை ஜிபி என்று போட்டிருக்கும். பிராசசர் 32 வரை தாங்கினாலும் ஸ்லாட் ஒன்றே ஒன்று என்றால் கணக்கு மாறிவிடும்.

மாட்டும்போது லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி ஒயரையும் கழற்று. ஏதாவது உலோகத்தைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடு. ரேமின் தங்கப் பட்டையில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து, சாய்வாகச் செருகி, கீழே அழுத்து. இரண்டு பக்கக் கொக்கியும் 'க்ளிக்' என்று பிடிக்க வேண்டும். முதல் தடவை திரை வரக் கொஞ்சம் தாமதமாகலாம், பதறாதே.

பழைய ரேமைத் தூக்கிப் போடாதே. புதியது ஓடவில்லை என்றால் பழையதை மாட்டிப் பார். அது ஓடினால் உன் ஸ்லாட் நன்றாக இருக்கிறது, சந்தேகம் புதியதன் மேல்தான். என்னைத் திண்டாட வைத்த அந்த ரேமை நான் பழுது என்றே நினைத்திருந்தேன். பிறகு ஒரு நண்பரின் இரண்டாம் தலைமுறை லேப்டாப்பில் போட்டோம். உடனே திரை வந்தது. அதில் குறை ஒன்றும் இல்லை, நான்தான் படிக்காமல் வாங்கியிருந்தேன்.

இன்று சாயங்காலம் மூடியைத் திறந்து அந்தச் சீட்டைப் போட்டோ எடு. அதில் உள்ளதை நீயே படித்து, எது வேண்டும் என்று எனக்கு ஒரு வரி எழுது. அதற்கப்புறம் கடைக்குப் போகலாம்.

அன்புடன்,
மாமா