மரத்துப்போன கைக்கு வீட்டாரின் கண்



ஜெப ஆலயத்தில் நின்ற மனிதனுக்குச் சூம்பியிருந்தது வலது கை என்று லூக்கா மட்டுமே (6-ஆம் அதிகாரம்) குறிப்பிடுகிறார். வைத்தியர் அல்லவா! உழைக்கிற கை முடங்கினால் வீடே முடங்கும் என்பதைக் காரைக்குடிப் பக்கத்துக் கிராமத்தாருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

கொல்லிமலையில் மிஷனெரி பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி விழுவதாக அன்று பலரும் நம்பினர். அவர் கண்டதோ வேறு. உணர்ச்சியற்ற கை, சூட்டையும் ஆணியையும் அறியாமல் பிடித்துக் காயப்படுகிறது. தூக்கத்தில் எலி கடித்தாலும் தெரியாது. ஆகவே நோயாளிகளுக்குப் பூனையும் மருந்தாயிற்று!

1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து கிருமியைக் கொல்லும். நாள்பட்ட மரப்பை மாற்றாது. மின்சாரமில்லாத தோட்டத்து வீட்டில் விறகடுப்பும், அரிக்கேன் விளக்கின் சூடான கண்ணாடியுமே அந்தக் கைக்குச் சத்துருக்கள்.

பொழுது சாயுமுன், வெளிச்சத்திலேயே, மனைவியோ மகனோ உள்ளங்கையைப் பார்க்கட்டும். கொப்புளம், சிவப்பு, முள் எதுவும் இல்லையென்றால் இருபது நிமிடம் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடே எண்ணெய் தடவலாம். சோற்றுப் பானையை வேறொருவர் இறக்கட்டும். காயம் கண்டால், வலியில்லையே என்று விடாமல், சுத்தத் துணியால் கட்டி, கைக்கு ஓய்வு கொடுத்து, நம் மாவட்டத்திலேயே உள்ள மானாமதுரை தயாபுரம் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

கூலி வேலைக்காரருக்கு ஓய்வு என்பது பட்டினி. அந்த நாட்களின் அரிசிக்காகவே உங்கள் காணிக்கையைக் கேட்கிறோம்.