கப்பல் பயணத்துக்கும் அடக்க விலை பார்க்க வேண்டும்

2023 ஜூனில் சென்னையிலிருந்து கோர்டேலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. அதன் பிறகு நமது வியாபாரிகள் சிலர், “மலிவான கப்பலா, சொகுசுக் கப்பலா நல்லது?” என்று என்னிடம் கேட்கிறார்கள்.

கடைக்குச் சரக்கு எடுக்கும்போது கொள்விலையை மட்டுமா பார்க்கிறோம்? ஏற்றுகூலி, இறக்குகூலி, வரி எல்லாம் கூட்டித்தானே அடக்க விலை போடுகிறோம். இங்கும் அதே கணக்குத்தான்.

கார்னிவல், ரோயல் கரீபியன் போன்ற பெரிய கப்பல்களில் டிக்கட் விலை குறைவு. அறையும் வழக்கமான சாப்பாடும் அதில் அடங்கும். குளிர்பானம், இன்டர்நெட், ஊழியர் டிப்ஸ், கரையில் சுற்றிப்பார்ப்பது ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் தனிப் பில் வரும்.

ரீஜென்ட், சில்வர்சீ போன்ற சொகுசுக் கப்பல்களில் பயணிகள் குறைவு, கவனிப்பு அதிகம். பானமும் டிப்ஸும் டிக்கட்டிலேயே அடக்கம். ஆனால் அந்தப் பானத்தில் மதுவும் சேர்த்தி. நாம் தொடாத பொருளுக்கும் சேர்த்தே பணம் கட்டுகிறோம்.

ஆகவே இரண்டு விலைகளையும் ஒரு தாளில் எழுதி, நமக்குத் தேவையானவற்றை மட்டும் கூட்டிப் பாருங்கள். வயதான பெற்றோருடன் அமைதியாகப் போவதென்றால் சொகுசுக் கப்பலின் கூடுதல் விலைக்கு நியாயம் உண்டு. பிள்ளைகுட்டிகளோடு போவோருக்குப் பெரிய கப்பலே போதும். எந்தக் கப்பலானாலும், ஹலால் உணவு கிடைக்குமா என்பதை முற்பணம் கட்டுமுன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.