இடாப்பைக் குறுக்கே வாசியும்: கொக்கிளாயில் படிப்பிக்கும் பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்பின் பிள்ளைக்கு,

கொக்கிளாயிலிருந்து நீர் அனுப்பிய கட்டுரை போன கிழமை வந்து சேர்ந்தது. ‘கரையோர ஆரம்பப் பாடசாலை ஒன்றின் அடைவு மட்டம்.’ இரண்டு தரம் வாசித்தேன். முதற்தரம் கோபம் வந்தது. இரண்டாந்தரம் ஒன்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். அந்தப் பக்கத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். உமக்கு மட்டும் சொல்லவேண்டிய விசயமாக இது படவில்லை. அதனால்தான் பேரைப் போடாமல் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன்.

படிப்பிக்கும் முறை பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை. கல்வியியற் கல்லூரியில் படித்து வந்தவர் நீர். பல்தர வகுப்பு, அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள், முதன்மை நிலைகள் எல்லாம் உமக்குத் தண்ணிபட்ட பாடு. என்னைக் குத்தியவை இரண்டே சங்கதி.

ஒன்று, வீதம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் இந்த வருசம் இத்தனை வீதம், போன வருசம் இத்தனை வீதம், ஆகவே வீழ்ச்சி என்று நிறம் நிறமாக வரைபு கீறியிருக்கிறீர். ஆறு பிள்ளைகள் எழுதும் வகுப்பில் ஒரு பிள்ளை 16.67 வீதம். பரீட்சையன்று அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், பாடசாலையின் தரம் 16.67 வீதம் விழுந்துபோயிற்று என்று எழுதுவீரா? நாற்பது பேர் நெருங்கியிருக்கும் பட்டணத்து வகுப்புக்கு அந்தக் கணக்குச் சரி. உம்முடைய வகுப்பில் யாருடைய தகப்பன் எந்தத் தொழிலுக்குப் போகிறார், யார் அம்மம்மாவோடு இருக்கிறார், யாருக்குக் கண் தெரிவது குறைவு என்று எல்லாம் உமக்குத் தெரியும். இவ்வளவும் தெரிந்த ஒருத்தி அந்தப் பிள்ளைகளை ஏன் தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒளித்து வைக்கவேணும்?

அந்தப் பரீட்சை எதற்கு வந்தது என்பதையும் யோசித்துப் பாரும். 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கன்னங்கராவின் காலத்தில், கிராமத்து ஏழைப் பிள்ளைகளில் கெட்டிக்காரரைத் தெரிந்து மத்திய கல்லூரிகளுக்கு அனுப்பிப் படிப்பிக்கத்தான் இந்த ஏற்பாடு தொடங்கியது. அருமையான நோக்கம். அதனால் தலையெடுத்த குடும்பங்கள் எத்தனையோ. ஆனால் அதன் வேலை, பிள்ளையைக் கிராமத்துப் பாடசாலையிலிருந்து வெளியே எடுப்பது. 200 புள்ளிக்கு எழுதி வெட்டுப்புள்ளியைத் தாண்டுகிற பிள்ளை முல்லைத்தீவுக்கோ முள்ளியவளைக்கோ போய்விடும். மிஞ்சி நிற்கிறவர்களைப் பற்றி அந்தப் பெறுபேறு வாய் திறக்காது. பாடசாலை நல்லதா கெட்டதா என்பது அவர்களில்தான் தெரியும். கடைசி வாங்கிலிருக்கும் பிள்ளை, தரம் மூன்று முடியும்போது, முன்பின் கண்டிராத ஒரு பந்தியைத் தானாக வாசித்து, அதில் என்ன இருக்கிறது என்று சொல்லவேணும். வேறு அளவுகோலை நான் ஏற்கமாட்டேன்.

இரண்டாவது, ‘பின்தங்கிய’ என்ற சொல். பதினொரு இடத்தில் வருகிறது, பென்சிலால் வட்டம் போட்டு எண்ணினேன். பின்தங்கிய பிரதேசம், பின்தங்கிய பெற்றோர், பின்தங்கிய மாணவர். 1984 மார்கழியில் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய்ச் சனம் துரத்தப்பட்டு உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. திரும்பிப் போய்க் குடியேற, போர் முடியவேண்டி இருந்தது. கால் நூற்றாண்டு! அந்த வருசங்களில் அந்த மண்ணில் எங்கள் பிள்ளை ஒன்றுகூட அரிச்சுவடி எழுதவில்லை. உம்முடைய வரைபில் அந்த வருசங்களுக்கு எந்த நிறம் தீட்டுவீர்? ஓட்டப்போட்டியில் காலைக் கட்டிவிட்டவனைப் பற்றி ஒரு வரி எழுதாமல், ஓடினவனைப் பின்தங்கியவன் என்று எழுதக்கூடாது. அந்தச் சொல்லைக் காணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரிகிறது.

அந்தக் கால் நூற்றாண்டுக்குள், தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கிடுகுக் கொட்டில் ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பொருளாதாரத் தடைக்காலம். மண்ணெண்ணெய் கிடைப்பது அருமை, ஜாம் போத்தல் விளக்கில்தான் பிள்ளைகள் படித்தார்கள். கொப்பி இல்லாததால் ஒரே தாளில் முதலில் பென்சிலால் எழுதி, பிறகு அதன்மேலேயே பேனையால் எழுதுவோம். புதிதாக வந்த ஒரு சிறுமியை இடாப்பில் பதியும்போது, “எந்த ஊர் பிள்ளை?” என்று கேட்டேன். “கொக்கிளாய்” என்றாள். பிறந்த இடம் வேறு, வளர்ந்த இடம் வேறு. அந்த ஊரை ஒருநாளும் கண்டதில்லை. “அங்க என்ன இருக்கு?” என்று கேட்டதற்கு, களப்பையும், மாரியில் வந்து இறங்கும் பறவைகளையும், தாத்தாவின் கரைவலைப் பாட்டையும் நேற்றுப் பார்த்தவள்போலச் சொன்னாள். அந்தக் களப்பு 1951இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது என்பதை நான் பிற்காலத்தில்தான் படித்தேன். இப்போது நீர் படிப்பிக்கிற பிள்ளைகளின் தாய்மார் அவளுடைய வயதுக்காரர்.

இடாப்பு என்றதும் எனக்குப் பேச்சு நிற்காது. என்னோடு வேலை செய்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். வரவு இடாப்பை எல்லாரும் மேலிருந்து கீழே வாசிக்கிறோம்: இன்றைக்கு எத்தனை பேர் வரவு, கூட்டிப் போடு, ஒப்பம் வை. அதைக் குறுக்கே வாசிக்கவேணும். ஒரு பிள்ளையின் பேருக்கு நேரே விரலை வைத்து, தை தொடங்கி மார்கழி மட்டும் இழுத்துப் பாரும். சோளகம் வீசிக் கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் ஒருவன் விட்டுவிட்டு வந்திருப்பான். தகப்பனோடு வாடியில் நின்றிருப்பான். இன்னொருத்தி திங்கள் என்றால் வரமாட்டாள். ஏன் திங்கள் என்று வீட்டுக்குப் போய்க் கேட்கவேணும். மாரியில் தெரு வெள்ளத்தில் மூடினால் எல்லாப் பேருக்கும் நேரே ஒன்றாக வெறுமை விழும். அதே நாட்களில் ஆசிரியர் இடாப்பையும் பக்கத்தில் வைத்துப் பாரும். தூர இடத்திலிருந்து பஸ்ஸில் வருகிற நாங்கள் எத்தனை நாள் பிந்தினோம், எத்தனை வெள்ளி முன்னுக்கே வெளிக்கிட்டோம் என்பதும் அதில் இருக்கிறது. உம்முடைய பதினாறு பக்கத்தில் இடாப்பு என்ற சொல்லே இல்லை. 2009இல், போரின் கடைசி மாதங்களில், ஒரு பையில் உடுப்பும் ஒரு பையில் மூன்று இடாப்பும் காவிக்கொண்டு திரிந்தேன். மாத்தளனில் உடுப்புப் பை மிஞ்சியது, மற்றது போயிற்று. அவற்றில் இருந்த பேர்களை இன்றைக்கும் வரிசையாகச் சொல்லுவேன்.

இனி ஒன்பதாம் பக்கம். தரம் மூன்றில் ஒரு பையன் பாடத்தைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசிக்கிறான். உமக்கு ஏதோ பொறிதட்ட, பக்கத்திலிருந்த படத்தைக் கையால் பொத்தி, நடுவிலிருந்து ஒரு சொல்லைத் தொட்டு, “இது என்ன?” என்று கேட்கிறீர். அவன் மௌனமாகிறான். பாடம் முழுவதும் கேட்டுக் கேட்டு மனப்பாடம், படம்தான் அவனுக்கு அடையாளம். இதை மூன்றே வரியில் எழுதிவிட்டு மறுபடி வீதத்துக்குப் போய்விட்டீர்.

பிள்ளை, அந்த மூன்று வரிக்காக உம்மைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவேன். எத்தனை மேற்பார்வைக் குழுக்கள் வந்துபோயின, எத்தனை படிவங்கள் நிரப்பினோம், அந்தக் கை ஒருவருக்கும் வரவில்லை. நான் வேலை செய்த ஒரு பாடசாலையில் மேற்பார்வை நாளன்று வாசிக்கத் தெரிந்தவர்களை முன்வரிசையில் இருத்துவோம். நானும் இருத்தியிருக்கிறேன். பின்வரிசையில் இருந்த ஒருவன் ஐந்தாம் தரம் முடித்துப் போகும்போதும் தன் பேரைத் தவிர வேறொன்றும் எழுத மாட்டான். அவனுக்கு நேரே விரலை வைத்துப் பார்க்க எனக்கு நேரம் இருந்தது, செய்யவில்லை. அது என் பிழை, இப்போதும் உறுத்துகிறது. நீர் வேலைக்கு வந்து சில வருசத்திலேயே அந்தப் பிள்ளையைப் பிடித்துவிட்டீர். இதைவிடப் பெரிய ஆராய்ச்சி ஒன்றையும் உம்மிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

ஆகவே கட்டுரையைத் திரும்ப எழுதும். வரைபுகளைக் கழற்றி எறியும். ‘பின்தங்கிய’ என்ற சொல்லைப் பதினொரு இடத்திலும் வெட்டும். ஒவ்வொரு பிள்ளையோடும் பத்து நிமிசம் தனிய இருந்து, படத்தைப் பொத்தி, என்ன வாசிக்கிறது, எங்கே நிற்கிறது என்று எழுதும். பக்கத்தில் அந்தப் பிள்ளையின் இடாப்பு வரியை வையும். ஒரு பாடசாலையின் தரம் பற்றி வலயக் கல்விப் பணிமனைக்குச் சொல்ல அது காணும்.

எல்லாவற்றுக்கும் முன், அந்தப் பையனைப் பற்றி எனக்கு எழுதும். படத்திலிருந்து கையை எடுத்தபின் என்ன செய்தீர்? அடுத்த நாள் அவன் வந்தானா?

இப்படிக்கு,
அன்புடன்,
இளைப்பாறிய ஆரம்பப் பிரிவு ஆசிரியர்