கிணத்துக்கும் ஒரு சுவிச் வேணும்

இந்தக் கிழமைப் பாடம்: ஃப்ளோட் சுவிச்.

யாழ்ப்பாணத்தில அம்மம்மா வீட்டுக்குப் போனவைக்கு இது தெரிஞ்ச காட்சி. வளவுக்குள்ள கிணறு, கிணத்தடியில மோட்டர், உயரத்தில ஒரு தண்ணித் தாங்கி. தாங்கி நிரம்பி வழிஞ்சால் யாராவது ஓடிப்போய் மோட்டரை நிப்பாட்ட வேணும். "இதை ஓட்டோமட்டிக் ஆக்கிக் குடுத்தால் என்ன?" என்று உங்களில பலர் யோசிச்சிருப்பீங்கள். நல்ல யோசனை. ஆனால் தாங்கிக்கு மட்டும் சுவிச் பூட்டினால் அது பாதி வேலைதான். சிலவேளை, முன்னர் இருந்ததைவிட மோசமாகவும் முடியலாம்.

உள்ளே என்ன இருக்கு?

தண்ணி புகாத ஒரு பிளாஸ்டிக் மிதவை. அதுக்குள்ள ஒரு சின்ன சுவிச், ஒரு இரும்புக் குண்டு. மிதவை கீழே தொங்கும்போது குண்டு ஒரு பக்கம் உருளும். தண்ணி ஏறி மிதவை எழும்பும்போது மறுபக்கம் உருண்டு சுவிச்சை மாற்றும்.

வயரில ஒரு பாரக்கட்டி இருக்கும். அதுக்கும் மிதவைக்கும் இடையில விடுகிற வயரின் நீளம்தான் 'ஒன்' மட்டத்துக்கும் 'ஓஃப்' மட்டத்துக்கும் இடையிலான தூரத்தைத் தீர்மானிக்கும். இந்த இடைவெளிக்குப் பெயர் ஹிஸ்டெரிசிஸ். இது இல்லாவிட்டால் தண்ணி சும்மா அலை அடிச்சாலே மோட்டர் நின்று நின்று ஓடும். ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் ஆகும்போதும் மோட்டர் வழமையைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். அப்படியே தொடர்ந்தால் கொயில் சூடேறிக் கருகிவிடும்.

இரண்டு சுவிச், இரண்டு 'ஓம்'

தாங்கியில மிதவை தொங்கினால் மோட்டர் ஓட வேணும். எழும்பினால் நிற்க வேணும். கிணத்தில நேர்மாறு: மிதவை எழும்பியிருந்தால் ஓடலாம், தொங்கினால் நிற்க வேணும். மூன்று வயர் உள்ள ஃப்ளோட் சுவிச்சை எந்த இரண்டு வயரைப் பாவிக்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டு விதமாகவும் இணைக்கலாம். வயரின் நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரால சோதிச்சுப் பாருங்கள்.

இரண்டையும் தொடராக இணைக்க வேணும். கோட் எழுதுறவைக்குச் சொன்னால், இது ஒரு 'அண்ட்': தாங்கிக்குத் தண்ணி தேவை, கிணத்தில தண்ணி இருக்கு. இரண்டும் 'ஓம்' என்றால் மட்டும் மோட்டர் ஓடும்.

கிணத்துச் சுவிச் ஏன் முக்கியம்?

கையால மோட்டர் போடுற அம்மம்மா, போடமுதல் கிணத்தை ஒருக்கால் எட்டிப் பார்ப்பா. ஓட்டோமட்டிக் ஆக்கினதும் அந்தக் கண் இல்லாமல் போகுது. கோடையில கிணறு வத்தினாலும், "தாங்கி இன்னும் நிரம்பேல்லை" என்று மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். பம்பில இருக்கிற சீலைக் குளிரவைக்கிறதே அந்தத் தண்ணிதான். வெறுமையா ஓடினால் சீல் கருகி, பம்ப் ஒழுகும்.

பம்பை மாத்தலாம். கிணத்தை மாத்த முடியாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில வருடம் முழுக்க ஓடுற ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள்ள இறங்கி, கீழே இருக்கிற கடல்நீருக்கு மேல மிதக்குது. கைபன்–ஹெர்ஸ்பெர்க் கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேல 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் நன்னீர் இருக்கும். அதனால மேலே கொஞ்சம் குறைஞ்சாலே கீழிருந்து உவர்நீர் நிறைய மேலே வரலாம். அளவுக்கு மிஞ்சி இறைச்சால், கிணத்துக்கு நேர்கீழே உவர்நீர் கூம்பு மாதிரி எழும்பும்.

பூட்டும்போது கவனிக்க

• கிணத்து மிதவையின் 'ஓஃப்' மட்டம், ஃபுட் வால்வுக்கு அரை மீட்டராவது மேலே இருக்கட்டும்.

• மிதவை குழாயிலயோ சுவரிலயோ சிக்காமல் ஆட இடம் வேணும். ஒடுங்கிய குழாய்க்கிணறு என்றால் இது சரிவராது. அதுக்கு எலெக்ட்ரோட் வகை இருக்கு.

• 230 வோல்ட்டைத் தண்ணிக்குள்ள விடாதீங்கள். மிதவைகள் 24 வோல்ட்டில ஒரு கொன்டாக்டரை இயக்கட்டும்; மோட்டரின் கரண்ட் அந்தக் கொன்டாக்டர் வழியாகப் போகட்டும். 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச்சும் கட்டாயம். இந்த வயரிங் எலெக்ட்ரீஷியனின் வேலை. யூடியூப் பார்த்து நீங்கள் செய்யிறதில்லை.

• பூட்டி முடிஞ்சதும் ஒவ்வொரு மிதவையையும் தூக்கி, இறக்கி மோட்டர் சரியா நிற்குதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மாதம் ஒருதடவை.

சாமான் வாங்கமுதல் வீட்டுக்கு ஒரு கோல் எடுத்து இதைக் கேளுங்கள்: "அம்மம்மா, கடும் கோடையில கிணத்துத் தண்ணி எந்தப் படி மட்டும் இறங்கும்? எப்ப உப்புக் கரிக்கும்?" அவ சொல்ற இடத்துக்கு மேலதான் அந்தக் கிணத்து மிதவையைத் தொங்கவிட வேணும்.