கரி ஒன்றே கதியா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

தென்னார்க்காடு ஜில்லா என்று நம் முன்னோர் ஒரே பெயரால் வழங்கி வந்த பிரதேசம் 1993-இல் கடலூர், விழுப்புரம் என இரண்டாகி, 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்து, இன்று மூன்று கலெக்டர்களின் நிர்வாகத்தில் இருந்து வந்தாலும், அதன் மண்ணும் நீரும் மக்களின் வாழ்வும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதில் யாதொரு மாறுதலும் நேரவில்லை. திருக்கோவிலூரைத் தொட்டுக்கொண்டு ஓடும் தென்பெண்ணைதான் கடலூருக்கருகே கடலில் கலக்கிறது. கல்வராயன் மலைநீரைச் சுமந்து வரும் மணிமுக்தாதான் விருத்தாசலத்தைக் கடந்து வெள்ளாற்றில் சேர்கிறது. ஆகவே, நெய்வேலியில் வெட்டியெடுக்கப்படும் பழுப்பு நிலக்கரியின் எதிர்காலம் திருக்கோவிலூர்க்காரர்களாகிய நமக்கு அயலார் விஷயமன்று.

நாம் அக்கறை கொள்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பிரதேசம் முழுவதும் ஒரே பொருளை நம்பி ஜீவிக்கத் தலைப்பட்டால், அந்தப் பொருள் கரியாயினும் கரும்பாயினும் கள்ளச்சாராயமாயினும், வறுமை அங்கே எவ்விதம் வேரூன்றி நிற்கிறது என்பதை நெய்வேலியின் அறுபது ஆண்டு அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது. அதைக் காணவொட்டாமல் சில நம்பிக்கைகள் நம் கண்களை மறைக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசீலிப்போம்.

நம்பிக்கை 1: கரி கிடைத்த இடத்தில் வறுமை தானாகவே அகன்றுவிடும்.

உண்மை: 1930-களின் நடுவில் தம் நிலத்தில் கிணறு தோண்டிய ஜம்புலிங்க முதலியார், நீரோடு வெளிப்பட்ட கரிய பொருளை இன்னதென்று அறிய விடாமுயற்சியுடன் அதிகாரிகளை நாடியதிலிருந்து தொடங்குகிறது நெய்வேலியின் சரித்திரம். 1956 நவம்பரில் கரியை வெட்டியெடுக்க ஒரு நிறுவனம் உருவாயிற்று. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. மறு ஆண்டில், சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்த அனல் மின்நிலையத்திலிருந்து மின்சாரம் பாய்ந்தது. அகன்ற வீதிகளும் நிழல் மரங்களும் பள்ளிகளும் மருத்துவமனையும் கொண்ட ஒரு நகரம் செம்மண் காட்டின் நடுவே தோன்றி, ஏழைக் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகளைப் பொறியாளராகவும் மருத்துவராகவும் ஆக்கியது என்பது மறுக்க முடியாத நன்மை.

ஆயினும் அந்த நகரத்தின் எல்லையைத் தாண்டிச் சுற்றுக் கிராமங்களுக்குள் செல்லும்போது செழிப்பு அதே அளவில் நம்மோடு வருவதில்லை. ஒரு டன் கரியை எடுப்பதற்கு அதன்மேல் கிடக்கும் ஐந்தாறு கன மீட்டர் மண்ணை அகற்றியாக வேண்டும். கரிக்கு அடியிலுள்ள ஊற்றுநீர் அழுத்தம் மிகுந்து மேலெழும்பாதபடி இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவு பெரிய வேலையை வாளிச் சக்கரங்கள் பொருத்திய ராட்சத இயந்திரங்கள் செய்து முடிப்பதால், முதல் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு ஆள் தேவைப்படுவதில்லை. தேவைப்படுகிறவர்களிலும் நிரந்தரத் தொழிலாளி ஒரு நிலையிலும் ஒப்பந்தத் தொழிலாளி வேறொரு நிலையிலும் இருக்கிறார்கள். மணிலாவும் முந்திரியும் நெல்லும் விளைவித்த விவசாயி நிலத்தை இழக்கும்போது, அந்த நிலத்தில் மட்டுமே செல்லுபடியாகக்கூடிய தன் தொழிலறிவையும் கூடவே இழக்கிறான். கையில் கிடைத்த நஷ்டஈடு கல்யாணத்திலும் கடனிலும் கரைந்த பிறகு அவனுக்கு எஞ்சுவது கூலி வேலையே. 2023 ஜூலையில் நெய்வேலிக்கருகே வளையமாதேவியில், சுரங்கத்துக்கான கால்வாய் வெட்டுவதற்காக வளர்ந்து நின்ற நெற்பயிரின் மீது இயந்திரங்கள் ஏறிய காட்சி நாடு முழுவதையும் கலங்கச் செய்தது அதனாலேதான்.

நம்பிக்கை 2: ஒரே பொருளை நம்பாமல் பல தொழில்களை வளர்க்கும் பலதொழில் என்பது இப்போது புதிதாகக் கிளம்பிய பேச்சு, நெய்வேலியை உண்டாக்கியவர்கள் கரியையும் மின்சாரத்தையும் மட்டுமே எண்ணினார்கள்.

உண்மை: இதற்கு நேர்மாறானது. அத்திட்டத்தை வகுத்தவர்கள் கரியை எரித்து மின்சாரம் எடுப்பதோடு நின்றுவிட எண்ணவில்லை. யூரியா உரத் தொழிற்சாலை, நம் தாய்மார்கள் அடுப்பில் எரித்த 'லெக்கோ' கரிக்கட்டிகளைச் செய்யும் ஆலை, மேல்மண்ணோடு வரும் வெண்களிமண்ணைச் சுத்திகரிக்கும் சாலை ஆகிய அனைத்தும் ஒரே திட்டத்தின் அங்கங்களாக எழுந்தன. பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும் அத்தொழிலைக் கற்பிக்கும் கல்விச்சாலையும் ஏற்பட்டு, மின்காப்புப் பொருள்களிலிருந்து பொம்மைகள் வரை பலவும் அங்கே உருவாகின்றன. காலப்போக்கில் நெய்வேலியின் துணை ஆலைகள் லாபமில்லையென்று ஒவ்வொன்றாக நின்றுபோய், மின்சாரம் ஒன்றே பிரதானமாக மிஞ்சியது. ஆதலால் பலதொழில் வேண்டுமென்று இன்று கோருவது, ஸ்தாபகர்கள் வகுத்த வழிக்கே திரும்பச் சொல்வதாகும்.

நம்பிக்கை 3: சுரங்கம் ஓய்ந்தால் ஊர் அழியும், ஆகையால் மாற்றுத்தொழிலைப் பற்றிப் பேசுவதே தொழிலாளிக்கு விரோதம்.

உண்மை: ஊரை அழிப்பது சுரங்கத்தின் முடிவன்று, அந்த முடிவுக்கு முன்னேற்பாடு இல்லாமையே. இதற்குச் சாட்சி தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலார் தங்கவயலில் சுரங்கம் நடத்தத் தொடங்கிய காலமுதல், வடார்க்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் அங்கே சென்று, பூமிக்கடியில் பல ஆயிரம் அடி ஆழத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்தன. 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்ற அந்த நகரம், தங்கம் போனாலும் தன் பிள்ளைகள் எல்லாரையும் தாங்கும் அளவுக்கு வேறு தொழில்களை வளர்த்துக்கொள்ளவில்லை. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டதும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே நாளில் ஆதாரமற்றுப் போயின; இன்றைக்கும் பொழுது விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் வீடு திரும்புவதே அங்குள்ள பலரின் ஜீவனமாக இருக்கிறது.

ஜெர்மனியின் ரூர் பிரதேசம் வேறு மார்க்கத்தில் சென்றது. கரிக்கு வீழ்ச்சி தொடங்கிய காலத்திலேயே, சுரங்கங்கள் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கையில், 1965-இல் 'போகும்' (Bochum) என்ற நகரில் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டதோ 2018 டிசம்பரில். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் சுரங்கத் தொழிலாளியின் மகனும் மகளும் வேறு தொழில்களுக்குத் தயாராக அவகாசம் கிடைத்தது. அங்கும் கஷ்டங்கள் தீர்ந்துவிடவில்லை; ஆயினும் தங்கவயல் பட்ட பாட்டை அப்பிரதேசம் படவில்லை. நெய்வேலியில் 600 மெகாவாட் திறனுள்ள முதல் அனல் மின்நிலையம் 2020 செப்டம்பரில் நிறுத்தப்பட்டுவிட்டது. புதிய நிலையம் ஒன்று அதனிடத்தை நிரப்பியிருப்பதால் நமக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. தொழிலாளியிடத்து உண்மையான அன்புள்ளவர்கள் அந்த அவகாசத்தை வீணாக்க மாட்டார்கள்.

நம்பிக்கை 4: கரிக்குப் பதில் சூரிய மின்சாரம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

உண்மை: காற்றுக்கும் வானுக்கும் அது நன்மையே, வேலையைப் பொறுத்தவரை அது போதாது. சூரியத் தகடுகளைப் பதிக்கும்போது சில மாதங்களுக்கு ஆள் வேண்டும். பதித்தபின் துடைக்கவும் காவல் காக்கவும் சிலர் போதும். மேலும் நெய்வேலி நிறுவனம் தமிழ்நாட்டில் அமைத்த சூரிய மின்நிலையங்களில் பெரும்பகுதி தென் மாவட்டங்களில்தான் இருக்கிறது. விருதுநகர்ப் பக்கத்து வெயிலிலிருந்து வரும் வருமானம் விருத்தாசலத்து ஒப்பந்தத் தொழிலாளியின் உலையில் அரிசியாக விழாது.

நம்பிக்கை 5: வெளியிலிருந்து பெரிய தொழிற்சாலை ஒன்று வந்தால் போதும்.

உண்மை: உளுந்தூர்ப்பேட்டையில் காலணித் தொழிற்சாலை அமைக்கத் தைவான் நாட்டுக் கம்பெனியோடு 2023-இல் அரசு செய்துகொண்ட உடன்படிக்கையை நாம் மனமார வரவேற்கிறோம், கட்டட வேலை தேடி வெளியூர் செல்லும் இளைஞர்களும், ஊரைவிட்டு நகர முடியாத பெண்களும் அதனால் பயனடைவார்கள். ஆனால் ஒரு கரியை நம்பியிருந்த ஊர் ஒரு காலணியை நம்பியிருக்கும் ஊராக மாறுவது பலதொழில் ஆகாது. ஏற்கனவே மண்ணில் வேர்பிடித்து நிற்கும் சிறு தொழில்களை உயர்த்துவதே அதன் ஜீவநாடி.

பண்ருட்டி முந்திரியை நோக்குங்கள். கொட்டையை ஆவியில் வேகவைத்துக் காயப்போட்டு, வெட்டும் கருவியில் ஒவ்வொன்றாக வைத்து ஓட்டைப் பிளந்து, பருப்பைச் சூட்டில் உலர்த்தி, மேல்தோலைக் கத்தி முனையால் கீறாமல் நீக்கி, தரம் பிரிப்பது வரை பெரும்பாலும் பெண்களின் கைகளே வேலை செய்கின்றன. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும், விரல்கள் கறுத்துப்போகும். பருப்பு முழுசாக வந்தால் ஒரு விலை, இரண்டாகப் பிளந்தால் வேறு விலை. ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 வரை எண்ணிக்கை கொண்ட முழுப்பருப்பை '320' என்று வியாபாரிகள் தரம் சொல்கிறார்கள். அந்தத் தரத்தின் லாபம் ஏற்றுமதி செய்பவரிடம் சேர்கிறது. அதை உண்டாக்கிய பெண்ணுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. உள்ளூர்க் கொட்டை போதாமல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மூட்டை மூட்டையாக இறக்குமதி செய்கிறோம். அதே வேளையில் நம் தோப்புகளில் முந்திரிப்பழம் தரையில் விழுந்து அழுகுகிறது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் கண்ட நல்ல முந்திரி ரகங்களும், பாலூர் நிலையம் கண்ட பலா ரகங்களும் கைவசம் இருக்கின்றன. பெண்களே உரிமையாளர்களாக உள்ள கூட்டுறவு ஆலைகளும், கைகளுக்குக் காப்பும், பலாவைப் பருவம் கடந்து பாதுகாக்கும் குளிர்கிடங்குகளும், 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் தோப்புகளை அடியோடு சாய்த்ததுபோல் மறுபடி நேர்ந்தால் தாங்கக்கூடிய காப்பீடும் சேர்ந்தால், கரியைக் காட்டிலும் நெடுங்காலம் நிற்கும் தொழில் இதுவே.

நம்பிக்கை 6: கல்வராயன் மலைவாசிகளுக்கு உழைப்பில் நாட்டமில்லை, சாராயமே அவர்கள் சுபாவம்.

உண்மை: இது அநியாயமான பழி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது, சாராயத்தில் கலந்திருந்த, தொழிற்சாலைகளில் உபயோகிக்கும் மெத்தனால் என்னும் விஷம். அது மலையில் விளைந்த பொருளன்று. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆளுகைக்கு உட்பட்டிருந்து, 1970-களின் நடுவில்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தவர்கள். சாலையும் பட்டாவும் பள்ளியும் மற்றவர்க்குக் கிடைத்த காலத்தில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் வருஷம் முழுவதும் பாடுபட்டு விளைவிக்கும் மரவள்ளிக் கிழங்குக்கு, மாவுச்சத்தின் அளவைப் பார்த்துப் 'பாயிண்டு' கணக்கில் ஆலைக்காரர் விலை வைக்கிறார். கிழங்கைப் பிடுங்கியபின் காத்திருந்தால் கெட்டுவிடுமாதலால், சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டு மலையேறுகிறார்கள். கிழங்கு மலையில் விளைய, ஜவ்வரிசியின் லாபம் ஆத்தூரிலும் சேலத்திலும் தங்கிவிடுகிறது. கடுக்காயின் கதையும் அதுவே. இவ்விதம் நேர்மையான வருமானத்தின் வாசல்கள் அடைபட்டிருக்கும் இடத்தில்தான் சாராய ஊறலும், செம்மரம் வெட்ட ஆள்பிடிக்கும் தரகனும் நுழைகிறார்கள். 2015 ஏப்ரலில் செம்மரம் விளையும் ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழரில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் ஏழைகள் என்பதை மறக்கலாகாது. கருணாபுரத் துயரத்தின் பின் கல்வராயன் மலையின் அபிவிருத்தியைச் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. மலையிலேயே ஒரு மாவு ஆலை, விளைந்ததை உடனே இறக்கச் சாலை, வன உரிமைச் சட்டப்படி பட்டா: இம்மூன்றும் போலீஸ் சோதனையால் முடியாததைச் செய்துவிடும்.

நம்பிக்கை 7: எண்ணம் நல்லதுதான்; பணத்துக்கு எங்கே போவது?

உண்மை: கரிப் பிரதேசத்தைப் பொறுத்தவரை பணத்துக்குச் சட்டமே வழி வகுத்திருக்கிறது. 2015-இல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டப்படி, பழைய குத்தகைதாரர்கள் அரசுக்குச் செலுத்தும் ராயல்டியோடு அதில் 30 சதவீதத்துக்குச் சமமான தொகையையும், அவ்வாண்டு ஜனவரி 12 முதல் குத்தகை பெற்றவர்கள் 10 சதவீதத்தையும், மாவட்டக் கனிம அறக்கட்டளையில் செலுத்தக் கடமைப்பட்டவர்கள். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களின் நலனுக்கென்றே ஏற்பட்ட அந்த நிதியைக் கட்டடங்களிலேயே செலவிட்டுத் தீர்த்துவிட்டால், கரி தீரும் நாளில் கட்டடங்கள் நிற்கும், ஜீவனம் நிற்காது. ஜெர்மன் அரசு 2038-க்குள் கரியை விட்டொழிப்பதென 2020-இல் முடிவு செய்தபோது, கரிப் பிரதேசங்களின் புதுவாழ்வுக்காக 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியது. அவ்வளவு செல்வம் நமக்கில்லை. உள்ளதை உரிய காரியத்தில் செலவிடும் விவேகம் இருந்தால் போதும்.

கரியை நாளைக்கே நிறுத்துங்கள் என்று நாம் சொல்லவில்லை. கரி வருமானம் தந்துகொண்டிருக்கும் காலத்திலேயே, அந்த வருமானத்தில் ஒரு பங்கைக் கொண்டு கரியில்லாத காலத்துக்குரிய தொழில்களை ஊன்றிவிட வேண்டும் என்பதே நம் வாதம். சுரங்கத்தைச் சுற்றியுள்ள கிராமத்தார் அடுத்த கிராம சபையில், கனிம நிதியில் எத்தனை ரூபாய் பிழைப்புக்கான தொழில்களுக்குச் செலவாயிற்று என்ற ஒரே கேள்வியை எழுத்து மூலம் கேட்கட்டும். கல்வராயன் மலையின் கிராமங்களும் நம் திருக்கோவிலூர் வட்டத்து ஊராட்சிகளும், விளைபொருளை ஊரிலேயே பக்குவப்படுத்தும் ஆலை ஒன்று வேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றட்டும். பதில் கிடைக்கும்வரை கேட்பதை நிறுத்த வேண்டாம்.